வாசலில் கேட்கப்படும் கேள்வி
மடம், லொட்ஜ், ஹொஸ்டல் பற்றிச் சில குறிப்புகள்

ஒஸ்லோவில் ஒரு சந்திப்போ கருத்தரங்கோ ஒழுங்குசெய்யப்படும்போது, நிகழ்ச்சிநிரல் பற்றிய சர்ச்சைக்கு முன்னரே எழுகின்ற சர்ச்சை ஒன்று உண்டு. வெளியூர்களிலிருந்து வருபவர்களை எங்கே தங்கவைப்பது? ஹொஸ்டல் மலிவு என்பார் ஒருவர். அறுபது வயதுக்காரரை இரண்டடுக்குக் கட்டிலில் ஏற்றுவதா, ஹோட்டலே மரியாதை என்பார் மற்றொருவர். மூன்றாமவர் இருவரையும் கடிந்துகொள்வார்: 'வீடு இருக்க விடுதி எதற்கு? விருந்தோம்பலைக் கண்டுபிடித்த இனம் நாங்கள். மடமும் சத்திரமும் கட்டி வைத்தவர்கள். வெள்ளைக்காரனைப் பார்த்து விருந்தாளிக்கு வாடகை அறை எடுக்கப் பழகிவிட்டோம்.' கூட்டம் தலையாட்டும்.

முதல் இருவரின் வாதம் கணக்குச் சம்பந்தப்பட்டது; அதனைக் கூட்டல் கழித்தலில் தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாமவர் சொல்வது வரலாறு பற்றிய கூற்று. ஒருகாலத்தில் வரலாறு கற்பித்துச் சம்பளம் வாங்கியவன், இப்போது தொழிற்சாலையில் இரவுவேலை செய்பவன் என்ற வகையில் இக்கூற்றைச் சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சொற்கள். 'விருந்து' என்றால் எம்மவருக்கு இன்று சோறு, கறி, பாயசம். ஆனால் அச்சொல்லின் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியலிலும் அது அப்பொருளிலேயே வருகிறது. விருந்தினர் என்போர் புதியவர், முன்பின் அறியாதவர். உறவினரைச் சுற்றம் என்றார்கள். விருந்து என்று சொல்லவில்லை. ஆகவே எமது மச்சான் ரொறன்ரோவிலிருந்து வந்து எமது வீட்டில் தங்குவது பழைய கணக்கில் விருந்தோம்பலே அல்ல. ஐரோப்பியச் சொற்களைப் பார்த்தால் ஹோட்டலும் ஹொஸ்டலும் ஒரே பழைய பிரெஞ்சுச் சொல்லின் இரு பிள்ளைகள்; ஒன்றில் 'ஸ்' தேய்ந்துபோயிற்று, மற்றதில் நிலைத்தது. இரண்டுக்கும் மூலமான இலத்தீன் சொல் விருந்தினனையும் விருந்தளிப்பவனையும் ஒருங்கே குறித்தது. அந்நியன், பகைவன் என்ற பொருள்தரும் சொல்லும் அதற்கு நெருங்கிய உறவு. வாசலில் வந்து நிற்கும் தெரியாத ஆள் எதிரியாகவும் இருக்கலாம் என்ற அச்சம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே எந்தத் தங்குமிடமும் முதலில் ஒரு கேள்வி கேட்டுத்தான் கதவைத் திறக்கிறது. அந்தக் கேள்வி என்ன என்பதே ஒரு தங்குமிடத்தின் வரலாறு என்பது என் எண்ணம். விலைப்பட்டியல் பிறகு வருவது.

எமது பெருமையான சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி, நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனபின், 1801 இல் தஞ்சை ரெசிடென்டாக இருந்த டொரினுக்கு எழுதிய கடிதம் இவ்விடயத்தில் முக்கியமான ஆவணம். இராமேஸ்வரம் செல்லும் பாதையில் இருந்த தமது சத்திரங்களைத் தம்மிடமிருந்து பறித்துவிடவேண்டாம் என்று அதிலே மன்றாடுகிறார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதியாருக்கும் அங்கே உணவு உண்டு, நோயாளிக்கு மருந்து உண்டு, அநாதைப் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு உண்டு என்று விபரிக்கிறார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் போன்றவற்றின் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. இது அற்பமான காரியமல்ல. ஐரோப்பாவின் பல நகரங்களில் ஏழை வழிப்போக்கனைச் சவுக்கால் அடித்துத் துரத்திய காலம் அது. ஆனால் எல்லாருக்கும் சோறு என்பது வேறு, எல்லாரும் ஒரே பந்தியில் என்பது வேறு. சமைத்தது யார், பரிமாறியது யார், யார் எந்த இடத்தில் அமர்ந்தார் என்பதெல்லாம் ஆளின் சாதியைக் கேட்டறிந்த பின்னரே தீர்மானமாயின. சத்திரம் காசு கேட்கவில்லை. நீ யார் என்று கேட்டது.

யாழ்ப்பாணத்திலும் அப்படியே. பருத்தித்துறைத் தெருமூடிமடத்தின் கீழால் சைக்கிளில் போனவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி நினைவிருக்கும். வீதிக்கு மேலே கூரை, இருபுறமும் கல்திண்ணை. வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பு தேய்க்க ஆவுரோஞ்சிக்கல், தண்ணீருக்குக் கேணி அல்லது கிணறு. இவற்றைப் பற்றி எழுதுகின்ற எமது ஊர்ப்பெருமை நூல்கள் மாட்டுக்குக்கூட இரங்கிய மனம் என்று உருகும். அதே கிணற்றில் தாழ்த்தப்பட்ட மனிதன் தன் கையால் வாளி விடமுடியாது, வேறொருவர் அள்ளி ஊற்றும்வரை காத்திருக்கவேண்டும் என்பதை அந்நூல்கள் சொல்வதில்லை. மாட்டுக்குக் கல் நாட்டியவன் மனிதனுக்கு வாளி கொடுக்கவில்லை. செல்வச்சந்நிதிச் சூழலில் இருக்கின்ற அன்னதான மடங்களில் பிற்காலத்தில் ஏற்பட்ட நெகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவும் தானாகக் கனிந்ததல்ல, கேட்டவர்கள் கேட்டதனால் வந்தது.

இதற்கிடையே அரசு கட்டிய தங்குமிடம் ஒன்றும் வந்தது. ஒல்லாந்தர் தமது உத்தியோகத்தர் பயணஞ் செய்கையில் இரவு தங்குவதற்கென ஏற்படுத்திய இல்லங்களை ஆங்கிலேயர் தீவு முழுவதும் பெருக்கினர். அவைதான் நாம் வாடிவீடு என்று அழைத்தவை. அங்கே முன்னுரிமை அரசாங்க உத்தியோகத்தனுக்கு. இங்கு கேட்கப்பட்ட கேள்வி சாதி பற்றியதல்ல, பதவி பற்றியது. வாடிவீட்டுச் சமையற்காரனின் கோழிக்கறி பற்றி எத்தனையோ வெள்ளை அதிகாரிகள் எழுதிவைத்துள்ளனர். அந்தச் சமையற்காரன் எங்கே படுத்தான் என்று எவரும் எழுதவில்லை.

பிறகுதான் காசு மாத்திரம் கேட்கின்ற ஹோட்டல். மார்க்சியம் படித்த தலைமுறையைச் சேர்ந்த எமக்குப் பணம் பழைய பந்தங்களை அறுத்தெறியும் என்பது மனப்பாடம். நாணயத்துக்குச் சாதி இல்லை, ஆகவே ஹோட்டல் வாசல் சமத்துவ வாசல் என்று எதிர்பார்க்கலாம். நடந்தது வேறு. எமது வழக்கில் 'ஹோட்டல்' என்பது பெரும்பாலும் சாப்பாட்டுக்கடை. படுக்கிற இடம் 'லொட்ஜ்'. கொழும்பிலே படுக்கை எதுவுமின்றி இட்டலி மாத்திரம் விற்ற 'லொட்ஜ்' களும் உண்டு, அது கிடக்கட்டும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் தாழ்த்தப்பட்டவர் மற்றவர் கொடுக்கின்ற அதே சதத்தைக் கொடுத்து வெளியே நின்று போத்தலிலும் பேணியிலும் குடித்தார்கள். சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1950களில் தேநீர்க்கடைப் பிரவேசத்தை ஓர் இயக்கமாக நடத்தவேண்டியிருந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்தும், 1966 ஒக்டோபர் 21 இல், சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போகவேண்டியிருந்தது. தேநீர்க்கடைகளும் கோயில்களும் அதற்குப் பின்னரும் போராடித்தான் திறக்கப்பட்டன. தமிழகத்தில் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. 'பிராமணாள்' என்ற சொல்லை ஹோட்டல் பெயர்ப்பலகையிலிருந்து அகற்றும்படி பெரியாரின் தொண்டர்கள் சென்னை முரளி கபேயின் முன்னால் மாதக்கணக்கில் மறியல் செய்ததும் அதே 1957 இல்தான்.

ஹொஸ்டலின் கதை இன்னொரு வழியாக வருகிறது. எமக்கு ஹொஸ்டல் என்றால் பள்ளிக்கூடத்தோடு ஒட்டியது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்க மிஷனரிமார் தொடங்கியபோது அவர்களுடைய பெருந்தலையிடி இறையியல் அல்ல, அடுப்பு. மிஷன் வளவுக்குள் சமைத்துண்டால் சாதி கெட்டுவிடும் என்ற மாணவர்களுக்காகச் சமையலைத் தனியே ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. நூறாண்டு கழித்துச் சேரன்மாதேவிக் குருகுலத்தில் அதே அடுப்பு மறுபடி எரிந்தது. வ.வே.சு. ஐயர் தேசியக் கல்வி தரவென நடத்திய விடுதியில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மாத்திரம் தனிப்பந்தி. அந்த இரண்டு இலைகளைச் சுற்றி 1924 - 25 இல் எழுந்த சர்ச்சைதான் தமிழ்நாட்டுக் காங்கிரஸைப் பிளந்த காரணங்களில் ஒன்றாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ் சமபோசனத்தை வலியுறுத்தியது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற உத்தரவுக்குப் பதிலாகப் பாடசாலைக் கொட்டில்கள் எரிக்கப்பட்டன. ஒன்றாக உட்காருதல், ஒன்றாக உண்ணுதல், ஒரே கூரையின்கீழ் உறங்குதல் ஆகிய மூன்றிலும் எமது சமூகம் எவ்வளவு மூர்க்கமாக நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பாரம்பரியத்தைத்தான் மூன்றாமவர் விருந்தோம்பல் என்று ஒரே சொல்லில் கடந்துபோகிறார்.

பயணிகளுக்கான ஹொஸ்டல் என்ற எண்ணம் ஜேர்மனியில் பிறந்தது. ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1909 ஓகஸ்டில் மாணவர்களுடன் நடைப்பயணம் போனபோது புயல்மழையில் அகப்பட்டு ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலின்மீது இரவைக் கழித்தார். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களை ஏழைப் பிள்ளைகளின் தங்குமிடமாக்கலாமே என்று அந்த இரவில் அவருக்குத் தோன்றியதாம். சில ஆண்டுகளில் அல்டேனா கோட்டையில் நிரந்தர விடுதி ஒன்று அமைந்தது. தொழிற்சாலைப் புகைக்குள் வளரும் பிள்ளைகளும் மலையைப் பார்க்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். நோர்வேயில் இதற்கான அமைப்பு 1930 இல் உருவாயிற்று. ஹொஸ்டலைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. 1933 இன் பின் ஜேர்மன் ஹொஸ்டல்கள் ஹிட்லர் இளைஞர் அமைப்பின் கைக்குப் போயின, யூதப் பிள்ளைகளுக்குக் கதவு மூடப்பட்டது, ஷிர்மன் ஓரங்கட்டப்பட்டார். கூட்டாகப் படுத்து, கூட்டாகப் பாத்திரம் கழுவும் ஒழுங்கு எவ்வளவு இலகுவில் அணிவகுப்பாக மாறும் என்பதை எமது இயக்கங்களின் முகாம்களைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி எம்முடைய சொந்தக் கதைக்கு வருகிறேன். 1905 இல் புகையிரதம் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியபின் கொழும்புக்குப் போன எமது எழுதுவினைஞர்கள் ஹோட்டலிலும் தங்கவில்லை, ஹொஸ்டலிலும் தங்கவில்லை. அவர்கள் 'சமறி' வைத்தார்கள். ஒரு வீடு, ஏழெட்டு ஆண்கள், ஊரிலிருந்து கூட்டிவந்த ஒரு சமையற்காரன், மாதமுடிவில் செலவைப் பங்கிடுதல். சமறி பற்றி இன்னும் ஒரு நல்ல ஆய்வு வரவில்லை என்பது எனது ஆதங்கம். எமது மத்தியதர வர்க்கத்தின் அரசியல், இலக்கியம், சீட்டாட்டம் எல்லாம் அங்கே வளர்ந்தன. ஊரும் சாதியும் பார்த்தே சமறியில் இடம் கிடைத்தது என்பதையும் அந்த ஆய்வு சொல்லவேண்டும்.

1983க்குப் பின் சமறி தேய்ந்து லொட்ஜ் பெருகியது. புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதிகளில் வடக்குக் கிழக்கிலிருந்து வந்த தமிழர் நாள்வாடகைக்கும் மாதவாடகைக்கும் தங்கினர். கடவுச்சீட்டுக்கு, தூதரக நேர்காணலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வெளிநாட்டிலுள்ள கணவனிடம் போவதற்கான பத்திரத்துக்கு, அல்லது ஏஜென்ஸிக்காரனின் ஒரு தொலைபேசி அழைப்புக்கு. இந்த இதழை வாசிப்பவர்களில் எத்தனை பேர் அப்படியோர் அறையிலிருந்து புறப்பட்டவர்கள்! நானும் சில மாதங்கள் இருந்தேன். மின்விசிறியின் சத்தமும் பக்கத்து அறைப் பெண் இரவெல்லாம் இலக்கணப் புத்தகத்தை வைத்து நோர்வேமொழி பாடமாக்கியதும் நினைவிருக்கின்றன. லொட்ஜ் முகாமையாளரின் மேசையில் ஒரு தடித்த பதிவேடு. பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த காரணம். அந்தப் பதிவேடு வாடகைக்காக எழுதப்பட்டதல்ல. இரவில் சோதனைக்கு வருபவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் இந்த அறைகள் மேலும் நிரம்பின. 2007 யூன் 7 அதிகாலையில் பொலிஸார் லொட்ஜ்களைச் சுற்றிவளைத்து, தக்க காரணமின்றித் தங்கியிருப்பதாகக் கூறி, 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றினர். 291 ஆண்கள், 85 பெண்கள். மூட்டை கட்டக் கிடைத்தது அரைமணி நேரமளவே. பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர்நீதிமன்றம் போயிற்று. மறுநாளே நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கம் வருத்தம் தெரிவித்தது, ஒரு பகுதியினர் திரும்பிக் கொண்டுவரப்பட்டனர். உலகத் தங்குமிடங்களின் வரலாற்றை எவராவது எழுதினால் இந்த அதிகாலைக்கு ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். வாடகை செலுத்தியவர்கள், பதிவேட்டில் ஒழுங்காகக் கையெழுத்திட்டவர்கள், அந்தப் பதிவேட்டின் துணைகொண்டே அப்புறப்படுத்தப்பட்டார்கள். சொந்த வீடு உள்ளவனிடம் கேட்கப்படாத 'ஏன் வந்தாய், எப்போது போவாய்' என்ற கேள்வி லொட்ஜில் இருப்பவனிடம் மாத்திரம் கேட்கப்பட்டது.

நோர்வேக்கு வருவோம். இந்த நாட்டிலும் வழிப்போக்கர் வரலாறு பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சகோதரர் இருவர் ஒருங்கே அரசாண்டனர். சிகுர்ட் சிலுவைப்போருக்குப் போய் ஜெருசலேம்வரை புகழ்பெற்றான். ஊரில் இருந்த ஐஸ்தைன் துறைமுகங்கள் அமைத்தான், டோவ்ரே மலையைக் கடக்கும் பயணிகள் பனியில் விறைத்துச் சாகாமலிருக்கத் தங்குமில்லம் கட்டினான். தமது சாதனைகளை ஒப்பிட்டு அண்ணன் தம்பி வாதிட்டதாகப் பழங்கதை ஒன்று சொல்கிறது. எனது வாக்கு ஐஸ்தைனுக்கே. 1868 இல் தொடங்கப்பட்ட நோர்வே சுற்றுலாச் சங்கத்தின் மலைக்குடில்களில் ஊழியர் எவருமற்றவை பல. உறுப்பினர் ஒரு பொதுச்சாவியைப் பெற்றுக்கொண்டு தாமே திறந்து, விறகு வெட்டி, சமைத்து, படுத்து, பணத்தைத் தாமே கணக்கிட்டுச் செலுத்திவிட்டுப் போகலாம். அங்கேயும் ஒரு பதிவேடு உண்டு. எங்கிருந்து வந்தாய், எங்கே போகிறாய் என்று அதிலும் எழுதவேண்டும். நீ அடுத்த குடிலுக்குப் போய்ச் சேராவிட்டால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிவதற்காக. தொழிற்சாலை நண்பர்களோடு முதன்முறை போனபோது அந்தக் கட்டத்தைப் பூர்த்திசெய்ய எனது கை சற்றுத் தயங்கியது. அதே இரண்டு கேள்விகள்தான், கொழும்பில் இருந்தவை.

நோர்வே அரசை நான் அந்தக் குடிலோடு குழப்பிக்கொள்ளவில்லை. இந்த நாட்டின் குடிவரவுச் சட்டமும் தங்குவோரின் பதிவேட்டை வைத்திருக்க விடுதிக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. 1985 இல் 829 ஆக இருந்த புகலிட விண்ணப்பங்கள் 1987 இல் எண்ணாயிரத்து அறுநூறைத் தாண்டியபோது அரசு ஹோட்டல்களையும் விருந்தினர் இல்லங்களையும் வாடகைக்கெடுத்து எம்மவரையும் பிறரையும் குடிவைத்தது. உல்லாசப் பயணி வராத பருவத்தில் ஹோட்டல் முதலாளிகளுக்கு இது வரப்பிரசாதம். பத்திரிகைகளிலோ, அகதிக்கு ஹோட்டல் வாழ்வா என்ற பொருமல். ஹோட்டல் என்ற பெயர்ப்பலகையின்கீழ் ஓர் ஆண்டு தனது அறைத்தோழனைத் தெரிவுசெய்யும் உரிமையின்றி, முடிவு வரும் நாளும் தெரியாமல் இருந்தவன் ஹோட்டலிலா ஹொஸ்டலிலா இருந்தான்? அதற்கு முன்னர் மாணவராக வந்தவர்களுக்கு மக்கள் உயர்பள்ளிகளின் விடுதிகள் கிடைத்தன. அங்கே நோர்வேப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் உருளைக்கிழங்கு உரித்தவர்கள்தான் எம்மில் முதலில் மொழி பழகினார்கள் என்பது தற்செயலல்ல.

இவ்வளவையும் சொன்னபின் எமது சந்திப்புக்கு வருகின்ற விருந்தினரிடம் திரும்புகிறேன். வீட்டில் தங்கவைப்பதே தமிழ் மரபு என்பவரிடம் எனக்கு இரண்டு கேள்விகள். முதலாவது, அந்த விருந்தோம்பலைச் செய்வது யார்? சனி ஞாயிறு முழுவதும் கருத்தரங்கில் பெண்விடுதலை பற்றி நாம் விவாதித்துக்கொண்டிருக்கையில், பன்னிரண்டு பேருக்குப் புட்டவிப்பவர் மண்டபத்துக்கு வரமுடியாதுபோன ஒரு பெண். அவரும் வெள்ளி மாலைவரை எங்கோ ஒரு முதியோர் இல்லத்தில் வேலைசெய்துவிட்டு வந்தவர். இந்தக் கட்டணமற்ற விடுதியின் ஊழியர் அவர். எமது இதழ்களில் இதைப் பெண்கள் எழுதத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

இரண்டாவது இன்னும் கசப்பானது. ஹொல்ம்லியாவில் நாம் வாழும் தொடர்மாடிகள் 1980களில் எழுந்தவை. மாடிப்படியில் பாகிஸ்தான்காரரும் சோமாலியரும் நோர்வேஜியரும் ஏறி இறங்குகிறார்கள். எவரும் எவரிடமும் பூர்வீகம் விசாரிப்பதில்லை. ஆனால் ஒரு தமிழ் வீட்டின் கதவு திறந்து, சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணி கைக்கு வந்ததும் கேள்வி வந்துவிடுகிறது. 'தம்பி ஊரிலை எவ்விடம்?' ஊரைச் சொன்னால் 'அதிலை எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிட்டவோ, கடற்கரைப் பக்கமோ?' கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரியும். சில நண்பர்கள் எமது சந்திப்புகளுக்கு வந்து ஏதோ சாட்டுச் சொல்லி இரவே தொலைதூரப் பஸ்ஸில் திரும்பிப்போவதன் காரணம் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர், கதிரையில் இருந்து தூங்கினாலும் பரவாயில்லை, விசாரணைக்கு உட்கார ஏலாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஹோட்டலில் இந்தக் கேள்வி இல்லை, உண்மை. ஆனால் ஒஸ்லோ ஹோட்டல் கட்டணம் எமது கூட்டத்தை வருமானத்தின்படி பிரித்துவிடும். சம்பளம் உள்ளவர் அறையில் பூட்டிக்கொள்வார், மற்றவர் எவராவது ஒருவரின் தயவில். இரவு பதினொரு மணிக்குப் பின் நடக்கின்ற விவாதம்தான் எமது சந்திப்புகளின் சாரம் என்பதைப் பழையவர்கள் ஒப்புக்கொள்வர். அதற்கு ஒரு பொதுச் சமையலறையும் நீண்ட மேசையும் வேண்டும். ஹொஸ்டலில் அவை இருக்கின்றன.

ஆகவே எனது முன்மொழிவு இது. அடுத்த முறை வெளியிலிருந்து வருவோரும் ஒஸ்லோவில் இருப்போரும் எல்லாரும் இரண்டு இரவுகள் ஹொஸ்டலில் தங்குவோம். உள்ளூரார் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வெளியூராரை மாத்திரம் அங்கே விடுவது பழையபடி இரண்டு பந்தி ஆகிவிடும். மொத்தச் செலவைச் சமறி முறையில் பங்கிடலாம். வேலையில்லாதோரின் பங்கை வேலையுள்ளோர் ஏற்பது. கீழ்க்கட்டில் முழங்கால் வலியுள்ளோருக்கு. பெண்கள் தமக்கென அறை வேண்டுமென்றால் அது முதலில் பதிவாகவேண்டும். சமையல் முறைப்பட்டியல் நிகழ்ச்சிநிரலோடு சேர்த்து அச்சிடப்படும். அதில் கட்டுரை வாசிப்போரின் பெயர்கள் முதலில் இருக்கும். வெள்ளி இரவுப் பருப்புக்கறிக்கு எனது பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அன்று எனக்கு இரவுவேலை இல்லை.